சாப்பாட்டுக்கு அப்புறம்

"பத்து மாத்திரையில ஒண்ணுதாம்மா குறையுது. மீதி அட்டையிலயே இருக்கு. அப்புறம் சக்கரை எப்படிக் குறையும்?"

மணியம்மாள் புடவைத் தலைப்பைத் திருகினாள். "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுன்னாங்க சார். போட்டேனே."

"எப்போ?"

"பௌர்ணமிக்கு."

டாக்டர் வளவன் பேனாவைக் கீழே வைத்தான். குடும்ப மருத்துவப் பயிற்சியில் அவனுக்கு இது கடைசி வாய்ப்பு. பத்து நிமிஷத்தில் காரணம் தெரிந்தாக வேண்டும். போன தடவை எதையும் கேட்காமல் மருந்தின் அளவை ஏற்றி எழுதி மாட்டிக்கொண்டான். மூலையில் சீனியர் தமிழ்செல்வி கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மத்த நாள்?"

"மத்த நாள் ராத்திரி சாப்பிடறதில்ல. சாப்பாடே இல்லாம அப்புறம் எங்கேர்ந்து வரும்?"

"ஏன் சாப்பிடறதில்ல?"

"ஒரு ஆளுக்கு எதுக்கு சார் அடுப்பு பத்த வெக்கணும்?"

"வீட்ல வேற யாரு?"

"ஒரு பல்லி. பேசுனா உச்சு கொட்டும்."

வளவன் சிரிக்கவில்லை. "பௌர்ணமிக்கு மட்டும்?"

"கிரிவலப் பாதையில அன்னதானம் போடுவாங்கல்ல? நாலு பேரோட உக்காருவேன். பக்கத்துல இருக்கறவங்க 'இன்னும் கொஞ்சம் வாங்கிக்கம்மா'ன்னுவாங்க. அன்னிக்கு வயிறு ரொம்பிடும்."

"பசங்க?"

"ஒரே பையன், ஓசூர்ல. போன் பண்ணா, சார்ஜ் கம்மியா இருக்குன்னு வெச்சிடுவான். ரெண்டு வருஷமா சார்ஜ் ஏறல."

வளவன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். "மதியம்?"

"வேலை செய்யற எடத்துல சாப்பாடு."

"அப்போ இந்த மாத்திரையை மதியத்துக்கே மாத்திடலாம். ராத்திரி சாப்பாட்டைப் பத்தி அடுத்த வாரம் பேசுவோம். வருவீங்களா?"

மணியம்மாளுக்குக் கண் கலங்கியது. தலையாட்டினாள்.

மணி அடித்தது.

"பாஸ், வளவன்!" தமிழ்செல்வி எழுந்து வந்தார். "இந்தத் தடவை மாத்திரையை ஏத்தாம ஆளைக் கேட்டீங்க." மணியம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க பிரமாதம்மா! எங்க பரீட்சைக்கு நோயாளியா நடிக்க எத்தனையோ பேர் வந்திருக்காங்க. யாரும் இப்படி நடிச்சதில்ல. மாத்திரை அட்டை வேற! நடிக்கறவங்க படிச்சுட்டு நடிக்கட்டும்னு அஞ்சு டாக்டர்ங்க ஆளுக்கொரு கதை எழுதிக் கவர்ல போட்டாங்க. இது யார் எழுதுனதுன்னு பாக்கறேன், உங்க கவரைக் குடுங்க."

மணியம்மாள் பையைத் துழாவிக் கவரை எடுத்து நீட்டினாள்.

ஒட்டின கவர் இன்னும் பிரிக்கப்படவே இல்லை.