டோல்கேட் சுவரில் அப்பாவு

டோல்கேட் சுவரில் பேனரைக் கட்டி முடித்ததும் முதலில் நின்று செருப்பைக் கழற்றியவர் ஓர் ஆட்டோக்காரர்.

கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, கீழே அப்பாவு சிரித்துக்கொண்டிருந்தார்.

அதே அப்பாவு டெம்போவுக்குள் என் பக்கத்தில் உட்கார்ந்து, இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். தொண்டையில் கட்டி. கெட்டியாக எதுவும் இறங்குவதில்லை. சனிக்கிழமை ஆபரேஷன். அதற்குப் பிறகு பேச்சு வருமா என்று கேட்டால் டாக்டர் ஃபைலைப் புரட்டுகிறார்.

பேனரை வரைந்தது அவருடைய மகள் எழில்மொழி. எங்கள் சினிமா டைரக்டர். யூனிட்டுக்கே அக்கா.

ஃப்ளெக்ஸ் அடித்தால் அரை மணி நேர வேலை. அக்கா கேட்கவில்லை. துணியை இழுத்துக் கட்டி, கட்டம் போட்டு, கையாலேயே வரைந்தார். வியாசர்பாடிச் சுவர்களில் முகம் வரைந்து பழகிய கை அது. இன்றைக்கு டெல்லியிலும் வெளிநாட்டிலும் அவர் ஓவியத்தைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். எடுத்த படங்களுக்குக் கிடைத்த விருதுகளை வைக்க வீட்டில் இடம் இல்லை. ஆனாலும் பிரஷ்ஷைத் தானேதான் கழுவுவார். வேறு ஆள் தொட்டால் திட்டு விழும்.

எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. கோபமும் உண்டு. நான் புரொடக்‌ஷன் மேனேஜர். இந்தக் காட்சியை முந்தாநாள் திடீரென்று சேர்த்தார். படத்தில் யாரோ செத்துப்போகிறாராம், முகம் பேனரில் மட்டும்தான் வருமாம். யூனிட்டில் முகம் கொடுக்க ஒருத்தரும் தயாராக இல்லை. என்னைக் கேட்க வந்தபோது நான் டீ வாங்கக் கிளம்பிவிட்டேன்.

அப்பாவுதான், என் மூஞ்சியப் போட்டுக்கோம்மா என்றார்.

ஊரில் எத்தனையோ சுவர் இருக்க, இந்த நெரிசலில், ராசையா மளிகைக்கு எதிரே இருக்கும் சுவர்தான் வேண்டும் என்றார் அக்கா. கூட்டம் கூடக் கூடாது என்று கேமராவையும் டெம்போவுக்குள் தார்ப்பாய்க்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். கேமராமேன் பெனிட்டோ அதன்மேல் குனிந்துகொண்டான்.

ராசையா கடையில்தான் அப்பாவு முன்பு மூட்டை இறக்கினார். முதலாளி, தொழிலாளி என்று பெயருக்குத்தான். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

பள்ளிக்கூடம் படிக்கும்போது எழில்மொழி அந்தக் கடை ஷட்டரில் மூட்டையோடு நிற்கும் அப்பாவை வரைந்துவிட்டார். ராசையா அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார். கிறுக்கினால் சோறு கிடைக்குமா என்று வேறு கேட்டார். அப்பாவு தூக்கி வந்த அரிசி மூட்டையை நடுரோட்டிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அதோடு சரி. இருவருக்கும் பேச்சு இல்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்ததில் இருந்து அப்பாவு தினமும் இந்தத் தெருவழியாகப் போய் வந்தார். கடைக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. வீம்பு. குரல் போவதற்குள் அவனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று மகளிடம் மட்டும் சொல்லி அழுதாராம்.

பேனர் கட்டிய சற்று நேரத்தில் ராசையா வந்து ஷட்டரைத் தூக்கினார். திரும்பினார். பேனரைப் பார்த்தார்.

அப்படியே நின்றார்.

பிறகு வேகமாக நடந்து பூக்கடைக்குப் போனார். ரோஜா மாலையோடு வந்தார். வேட்டி அவிழ்ந்து ஒரு முனை ரோட்டில் இழுபட்டது. பஸ்காரன் ஹாரன் அடித்தான். அவருக்கு எதுவும் காதில் விழவில்லை.

இறங்கிப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கதவில் கை வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ராசையா பேனருக்குக் கீழே நின்று வாய்விட்டு அழுதார்.

“ஏலே அப்பாவு, ஒம் மவ எடுத்த படம் பூராவும் பாத்துட்டேம்லே. அதச் சொல்ல வாரதுக்குள்ள போயிட்டியேலே.”

அப்பாவு கையில் இருந்த கிண்ணம் கீழே விழுந்தது. யாரும் சொல்லாமலே இறங்கினார். லுங்கியில் சாம்பாரோடு ரோட்டைக் கடந்தார். கட்டைக் குரலில் கத்தினார்.

“இன்னாத்துக்குடா அயுவுற, நான் இங்கதான கீறன்.”

ராசையா திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு மாலையாலேயே அப்பாவுவைத் தோளில், முதுகில் என்று மாறி மாறி அடித்தார். பூ சிதறியது. அடித்த கையாலேயே இழுத்துக் கட்டிக்கொண்டார்.

இதை வேறு யார் செய்திருந்தாலும் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பேன். வயசான மனுஷனை இப்படியா பதறவைப்பது? ஆனால் எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

இருவரும் கடைப் படியில் உட்கார்ந்தார்கள். அப்பாவு பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். சாமான் கேட்டு வந்தவர்களை ராசையா கையாட்டி விரட்டினார்.

அக்கா ஒரு நாய் கொட்டாவி விடுவதைப் பார்த்தால்கூட எடுத்து வைக்கச் சொல்கிறவர். இது எவ்வளவு பெரிய காட்சி. அதுவும் அந்தக் குரல், இனி கிடைக்குமோ கிடைக்காதோ. நான் பெனிட்டோவின் தோளை உலுக்கி, எல்லாம் பதிவாகிறதா என்று கேட்டேன்.

அவன் தலையை நிமிர்த்தினான். அவனும் அழுதிருந்தான். கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே காலி.

“காலையிலயே அக்கா கார்டை உருவிகினு போச்சு மாமு. இந்த சீனே படத்துல கெடையாதாம்.”