எட்டு எண்ணப் பதினாலு விநாடி

"எட்டு வரைக்கும் எண்ண எத்தனை விநாடி ஆகும், சார்?"

மேடையிலிருந்து இறங்கிய நடுவரை வழிமறித்தவள் சட்டக் கல்லூரி மாணவி. சற்று முன் புள்ளிக் கணக்கில் தோற்ற குத்துச்சண்டைக்காரியின் அக்கா. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எட்டு விநாடி."

"பதினாலு ஆச்சு! விழுந்தவ சாவகாசமா எழுந்து ஜெயிச்சிட்டுப் போயிட்டா. ஒழுங்கா எண்ணியிருந்தா, அவ எழறதுக்குள்ள பத்து ஆகி ஆட்டம் முடிஞ்சிருக்கும். என் தங்கச்சி மாநில அணியில இருந்திருப்பா. முதல் வரிசையில உட்கார்ந்து கண்ணு இமைக்காம பார்த்தேன், சார்!"

"எதிராளியை வீழ்த்தினவ காலி மூலைக்குப் போய் நிக்கணும்மா. மூலையை விட்டு வந்தா நான் எண்ணறதை நிறுத்தணும். உன் தங்கச்சி ரெண்டு தடவை வந்தா."

"பதற்றத்துல வந்திருப்பா. அதுக்காக?"

"புகார் குடுக்கறதுன்னா அவ கையெழுத்து வேணும். இன்னும் ஏழு நிமிஷம்தான் இருக்கு."

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி உடை மாற்றும் அறைக்கு ஓடினாள். தங்கை கைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"போடுடி கையெழுத்தை. விதி தெரியாம நகர்ந்துட்டேன்னு ஒரு வரி எழுது. மீதியை நான் பார்த்துக்கறேன், அந்த நடுவரைக் கிழிகிழின்னு கிழிக்கிறேன்."

"தெரிஞ்சுதான்க்கா நகர்ந்தேன்."

"என்னது?"

"அவளுக்கு நேரம் கிடைக்கட்டும்னு."

"பைத்தியமாடி உனக்கு? ரெண்டு வருஷமா இருட்டுல எழுந்து ஓடினது இதுக்கா?"

தங்கை கைக்கட்டையே பார்த்தாள். "நான் குத்தறப்போ அவ திரும்பிட்டா. என் குத்து பிடரில விழுந்துச்சு. பிடரில குத்தினா தப்பாட்டம். நடுவர் அந்தப் பக்கம் நின்னார், அவருக்குத் தெரியலை. வாயைத் திறந்து சொல்ல ஜெயிக்கிற ஆசை விடலை. மூலையில நிக்கக் கால் விடலை."

அக்கா கதவைச் சாத்தினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். குரல் தானாகத் தாழ்ந்தது.

"அதை வெளியில சொல்லித் தொலைக்காதே. நடுவரே பார்க்கலைன்னா வேற யாருடி பார்த்தா?"

தங்கை நிமிர்ந்தாள்.

"அவ முதுகுக்கு நேரா, முதல் வரிசையில நீதானே உட்கார்ந்திருந்தே? அவ விழுந்ததும் முதல்ல கை தட்டினது நீதான், அக்கா."