வேறொருவருடன்

ஆஸ்பத்திரியில் சேரும்போது மோட்டார் மெக்கானிக் சவரிமுத்து, தனக்கு வரும் அழைப்புகளை மனைவி பிலோமினாவின் போனுக்குத் திருப்பிவிட்டிருந்தார். அவரைப் புதைத்து நாற்பது நாளாகியும், "அண்ணே, மோட்டார் ஓடல, வர்றீங்களா?" என்று அவளிடம்தான் கேட்கிறார்கள். ரத்து செய்யும் எண்ணைத் தன் போனிலேயே போட்டுப் பார்த்தாள், நிற்கவில்லை.

செல்போன் கடைக்காரர், "அண்ணன் போன்லேருந்து அடிக்கணும்க்கா. குடுங்க" என்றார்.

"பொறு தம்பி." கணவரின் போனை ஒரு கையில் பிடித்தபடி, தன் போனில் அவர் எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் வைத்தாள்.

'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்.'

"சுத்தி உங்க போன்லயே வந்து முட்டுதுக்கா, அதான்."

"டைவர்ட்ட எடுத்துட்டா?"

"ரிங் போகும். பேசத்தான் ஆளு..."

பிலோமினா இரண்டு போன்களையும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அப்ப இருக்கட்டும் தம்பி. அவரு பேசி முடிக்கட்டும்."