ஒட்டாத நோய்

நடுவில் இரண்டு நாற்காலிகள் காலி.

இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் அவள் கணவனின் அக்கா பூங்காவனம். பூங்காவனம் சேலைத் தலைப்பால் மூக்கை அழுத்திப் பிடித்திருந்தாள். பார்வை கதவுக்கு மேலிருந்த பலகையிலேயே நின்றது.

காசநோய்ப் பரிசோதனை அறை.

கட்டிக்கொண்டு வந்த நாளிலேயே தெரியும், நோஞ்சான் உடம்பு, தம்பியை ஏமாற்றிவிட்டார்கள் என்று பஸ் ஏறியதிலிருந்து சொல்லியாயிற்று. இப்போது குரலைத் தாழ்த்தினாள்.

"தட்டு, டம்ளரெல்லாம் தனியா எடுத்து வெச்சுக்க. எங்க வீட்டுப் பக்கம் வந்துடாத."

அவள் மறுக்கவில்லை.

உள்ளே இருக்கும் பரிசோதனைப் பெட்டி காசநோய்க்காக வாங்கியதுதான். ஆனால் பெட்டிக்கு எந்த நோயும் தெரியாது. காலையில் ஆய்வகக்காரர் ஆசையாக விளக்கியிருந்தார். எல்லாம் பெட்டிக்குள் செருகும் அந்த உள்ளங்கையளவு கார்ட்ரிட்ஜில்தான் இருக்கிறது. ஒன்றில் சளியை விட்டால் காசநோய்க் கிருமியைத் தேடும். இன்னொன்றில், மார்புக் கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சிய துளியை விட வேண்டும். பெட்டி செல்களை உடைக்கும். சூடாக்கும், ஆறவைக்கும், மறுபடி சூடாக்கும். ஒவ்வொரு சுற்றிலும், புற்று பிடித்த செல்லின் மரபணுவில் இருக்கும் அடையாளம் இரட்டிப்பாகும். கண்ணுக்கே தெரியாதது, கடைசியில் ஒளிப்புள்ளியாக வந்து நிற்கும். சென்னைக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

அழகாகத்தான் சொன்னார்.

அவளுக்குக் கட்டி இடது பக்கம். புளியங்கொட்டை அளவு. பூங்காவனத்துக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரி.

காசநோயாகவே இருந்திருக்கலாம். அதற்கு மாத்திரை உண்டு.

கதவு திறந்தது.

ஆய்வகக்காரர் தாளை நீட்டினார். சர்ஜரி டாக்டர் இருக்கிறார், இப்போதே போய்ப் பாருங்கள் என்றார். வேறெதுவும் விளக்கவில்லை.

அவள் படித்தாள். புற்று இருக்கிறது.

"ஒட்டுமா சார்?" தலைப்புக்குள்ளிருந்து பூங்காவனம்.

அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "டிபி இல்லம்மா. அவங்களுக்கு மார்ல கட்டி. இது யாருக்கும் ஒட்டாது."

தலைப்பு மெல்ல இறங்கியது.

பூங்காவனம் எழுந்தாள். காலி நாற்காலிகளைத் தாண்டி வந்தாள். அதற்குள் கண் நிறைந்திருந்தது. ஒரு கை அவள் தோளைத் தேடி நீண்டது. மறு கையில் போன்.

அவளுக்கு இருமல் கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை.

பூங்காவனத்தை நேராகப் பார்த்து, வாயைப் பொத்தாமல், இருமினாள்.