ஒரு மடக்கு டீ

மாமல்லபுரத்தில் தொப்பிக் கடை வைத்திருக்கும் மைதீனுக்குச் சர்க்கரை நோயால் கால் விரல் ஒன்று போய் இரண்டு வருடமாகியும் நாக்கு அடங்கவில்லை. எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கும் மனைவியைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

“உனக்கு இன்னா சைதூன், இனிக்க இனிக்கக் குடிக்கிற. எனக்குத்தான் இந்தக் கசப்பு!”

சைதூன் சிரித்தாள். வாசலில் யாரோ கூப்பிட, டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாள். மைதீன் சட்டென்று அதை எடுத்து ஆசையாக ஒரு மடக்கு குடித்தார்.

சர்க்கரையே இல்லை.

திரும்பி வந்தவளிடம், “எத்தினி நாளா இப்படி?” என்றார்.

“உங்க வெரல எடுத்தாங்களே, அன்னிலேர்ந்து. நீங்க ஏங்கிக்கினு இருக்கப்ப எனக்கு மட்டும் எப்படிங்க தொண்டையில எறங்கும்?”

மைதீன் சட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்த கடலை மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தார்.