ஒரு புள்ளிகூடத் தப்பில்லை

"வேதத்துல ஒரு புள்ளிகூடத் தப்பு கெடையாது. அதுல இருந்தா இருந்ததுதான்!"

பாஸ்டர் அருள்மணி போட்ட சத்தத்தில் அமிர்தி கிராமத்து ஜெபவீட்டின் தகரக் கூரையே அதிர்ந்தது. பாய் சுருட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ஜெயசுதா தலையை நிமிர்த்தவில்லை.

எதிரே நின்ற வடிவேலு, மகனுக்குக் கணியம்பாடியில் பெண் பார்த்து, பெண் வீட்டில் பைக் கேட்டிருந்தார்.

"'பெண் வீட்டாரிடத்தில் வாகனம் கேட்கிறவன் பரலோகத்துக்கு நடந்தே போகக்கடவன்'னு போன வாரம் சொன்னீங்க ஐயா. என் பைபிள் முழுக்கத் தேடிட்டேன், அப்டி ஒண்ணுமே இல்லீங்களே."

"அப்போ உங்க பைபிள்ல அச்சுப் பிழை! ஜெயசுதா, நம்ம வேதத்தை எடுத்துப் படிச்சிக் காட்டு."

ஜெயசுதா பைபிளைத் திறந்து, வரிமேல் விரலை ஓட்டி, அதே வசனத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தாள்.

"கேட்டீங்களா? இன்னும் இன்னா சந்தேகம்? வேதத்தையே நம்பாதவன் வூட்டுக் கல்யாணத்தை நான் நடத்த மாட்டேன்."

வடிவேலு, "பைக்கு வேணாங்க ஐயா" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் பாஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அந்த வசனம் எந்தப் பக்கத்துல இருக்குது? ஒருவாட்டி காட்டேன்."

"மொதல்ல நீங்க எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்குங்க, அப்பறம் காட்டுறேன்."

பாஸ்டர் போய்ப் பாலை அடுப்பில் வைத்தார். சாயங்காலக் காப்பியைப் புருஷன்தான் போட வேண்டும் என்று வேதத்தில் இருப்பதையும் அவள்தான் வாசித்துக் காட்டியிருந்தாள்.