எந்தப் பூ

வசுந்தரா இளவயதில் பூசிய சென்ட்டைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. பழைய கடையொன்றில் கடைசி பாட்டில் கிடைத்தபோது, காய்ச்சலில் அவளுக்கு வாசனை தெரியாமல் போயிருந்தது. இனித் திரும்பாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அவள் கழுத்தில் பீய்ச்சிக்கொண்டு கணவர் சிவநேசனை அருகே அழைத்தாள்.

“முதல்ல லில்லி வரும். அது அடங்கினதும் ரோஜா. வருதா?”

அவர் குனிந்து முகர்ந்தார். “பூ வாசனை வருது.”

“எந்தப் பூ?”

“ஏதோ பூ.”

அவள் இன்னும் பீய்ச்சினாள். ரவிக்கை நனைந்தது. “நல்லா இழுத்துப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் வெகுநேரம் கண்மூடி நின்றார். “உன் வாசனையும் கூடவே வருதும்மா.”

அவள் அவர் சட்டையைப் பற்றிக்கொண்டாள். “அது எப்படி இருக்கும்?”

அவர் மறுபடி குனிந்து முகர்ந்தார். “உன் வாசனை மாதிரிதான்.” அவள் மிச்சமிருந்ததையும் பீய்ச்சத் தொடங்கினாள்.